பழைய மரவீடு: பழுது பார்ப்பதா, கழற்றுவதா, விற்பதா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கமோ குலசேகரம் பக்கமோ திருவட்டாறு பக்கமோ தாத்தா காலத்து மரவீடு ஒன்று இருக்கும். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும். கடைசியாக அந்த வீட்டில் இருந்த அம்மாவையும் மகள் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆனி மழைக்குக் கூடத்தில் நாலு இடத்தில் வாளி வைக்க வேண்டியிருக்கிறது. பழைய மரம் வாங்குகிறவர் மாதம் ஒருமுறை வந்து வாசலில் நின்று உத்திரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்லிப்போகிறார். தம்பி இடித்துவிட்டு கான்கிரீட் போடலாம் என்கிறான், தங்கை கூடவே கூடாது என்கிறாள், அண்ணன் ஒன்றும் சொல்வதில்லை. என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் வந்து நிற்கிறார்கள்.

எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு பதில் கிடையாது. ஆனால் எதை வைத்து முடிவு செய்வது என்பதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பலர் அதைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்: முதலில் செலவைக் கேட்டு, அப்புறம் ஆசையைப் பேசி, மரத்தைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

## எந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறோம்

கல்குளம், விளவங்கோடு வட்டாரத்துப் பழைய வீடுகள் காரைக்குடி வீட்டைப் போலவோ தஞ்சாவூர்ப் பக்கத்து வீட்டைப் போலவோ இருக்காது. 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர்கள் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவை; தச்சு வேலையும் அந்த வழிதான். 24 விரல் கொண்ட 72 சென்டிமீட்டர் கோல்தான் ஆசாரிக்கு அளவு. அயனி, பலா, தேக்கு என்று வசதிக்கேற்ற மரம். கைவசம் குறைந்தவர்கள் வீட்டில் பனை. அறைகளின் சுவரே பல வீடுகளில் பலகைதான். அறைக்கு மேலே பலகைத் தட்டு, அதற்கு மேலே தேங்காயும் நல்லமிளகும் போட்டுவைக்க மச்சு, எல்லாவற்றுக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் ஓட்டுக்கூரை. இந்தக் கட்டுமானம் பெரிய அளவில் எப்படி இருக்கும் என்று பார்க்க பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். 1601 வாக்கில் தொடங்கி, 1750 வாக்கில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் திருத்திக் கட்டியது. அங்கே தாய்க்கொட்டாரத்தில் இருக்கும் பலாமரத் தூணின் செதுக்கலைப் பார்த்தால், அதே வேலையின் எளிய வடிவம் உங்கள் வீட்டுத் திண்ணைத் தூணிலும் இருப்பது தெரியும்.

கூரையை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் செலவுக் கணக்கெல்லாம் அங்கேதான் இருக்கிறது. சுற்றுச்சுவரின் தலைமேல் உத்திரம் ஓடும். அதிலிருந்து கழுக்கோல்கள் கிளம்பி முகட்டு மரத்தில் போய்ச் சேரும். தட்டு இல்லாத தாழ்வாரத்தில் நின்று மேலே பார்த்தால், ஒவ்வொரு கழுக்கோலிலும் ஒரே உயரத்தில் துளை போட்டு, அத்தனை துளைகளின் ஊடாகவும் ஒரு நீளச் சட்டத்தைக் கோத்திருப்பது தெரியும். இரும்பு ஆணி அநேகமாக இருக்காது, மர ஆணியும் ஆப்பும்தான். காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் கூரை மொத்தமாகச் சேர்ந்து தாங்குவதற்கு இந்தக் கோப்புதான் காரணம். நடுவில் ஒரு கழுக்கோல் கெட்டுப்போனால் அதை மட்டும் உருவிவிட்டு வேறொன்றைச் செருக முடியாமல் போவதற்கும் இதுவேதான் காரணம். கோத்த வரிசையில் பின்னோக்கிக் கழற்றிக்கொண்டு வர வேண்டும். ‘ஒரு கம்புதானே, மாத்திரலாம்’ என்று சொல்லும் ஒப்பந்தக்காரரிடம் இந்த இடத்தைக் காட்டி எப்படி மாற்றுவீர்கள் என்று கேளுங்கள். அவர் யாரென்று அங்கேயே தெரிந்துவிடும்.

## முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலாவது மரம். ஒரு சுத்தியலும் ஒரு பழைய திருப்புளியும் போதும். உத்திரத்தின் முனை சுவருக்குள் போகும் இடம், கழுக்கோலின் அடிமுனை, தரைக்கல்லில் உட்கார்ந்திருக்கும் தூணின் அடி, கூரையின் இரண்டு சரிவுகள் சேரும் மூலை — இந்த நாலும்தான் முதலில் கெடும். சுத்தியல் பிடியால் தட்டினால் வைரம் பாய்ந்த மரம் கணீரென்று சொல்லும். உள்ளே போன மரம் பொத்தென்று கேட்கும். திருப்புளியை அழுத்தினால் நகக்கண் அளவுகூட இறங்காவிட்டால் பயமில்லை, விரல் நீளத்துக்கு இறங்கினால் அந்த முனை முடிந்த கதை. பொடி உதிர்ந்து கிடந்தால் உடனே அலற வேண்டாம். சுத்தமாகப் பெருக்கிவிட்டு, கீழே செய்தித்தாளை விரித்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். புதிதாக, வெளுப்பாக, மாவு மாதிரி விழுந்தால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. ஒன்றும் விழாவிட்டால் அது எப்போதோ தின்றுவிட்டுப் போனது. வண்டு பெரும்பாலும் மரத்தின் வெளிப்புற வெள்ளையைத்தான் தின்னும். நடு வைரம் அப்படியே இருக்கும். மேலே சல்லடையாகத் தெரிகிற எத்தனையோ தேக்கு உத்திரங்கள் ஒரு விரற்கடை செதுக்கிவிட்டால் உள்ளே புதுசு. கரையான் வேறு கணக்கு. அது மண்ணிலிருந்து ஏறி வருவது, சுவரில் மண்கோடு தெரியும். அந்தப் பாதையை அறுக்காமல் மரத்தில் மட்டும் மருந்தடித்துப் பயனில்லை.

இரண்டாவது, அந்த வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள். ‘ரிட்டயர் ஆனதும் வந்துவிடுவேன்’ என்பதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன். அடுத்த மழைக்கு முன் யார் அங்கே தூங்கப்போகிறார்கள், அதுதான் கேள்வி.

மூன்றாவது, கையெழுத்து. பட்டா யார் பேரில், பாகப்பிரிவினை ஆயிற்றா, அக்கா தங்கைகள் சம்மதம் இருக்கிறதா. கூட்டுப்பட்டாவில் இருக்கிற வீட்டுக்கு ஒருவர் மட்டும் லட்சக்கணக்கில் செலவு செய்தால், பிற்பாடு அது தானமா கடனா என்று பேசி முடிவதற்குள் உறவு போய்விடும். செலவு செய்வதற்கு முன் ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவது அவமானம் ஒன்றும் இல்லை.

நான்காவது, ஆசாரி. கூரைக் கோப்பு தெரிந்த மூத்த ஆசாரிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கதவு ஜன்னல் செய்கிற திறமை வேறு, கழுக்கோலுக்குச் சரிவு கணக்குப் போட்டு வெட்டுகிற திறமை வேறு. அவர் பக்கத்து ஊரில் சமீபத்தில் செய்த கூரை ஒன்றைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக, வருடச் செலவு. ஒரே தடவை ஆகிற செலவை எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு, யார் நின்று செய்வார்கள் என்பதைக் கேட்பவர் ரொம்பக் குறைவு.

## வழி 1: இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே பழுது பார்ப்பது

ஓட்டைப் பிரித்து, கெட்ட கழுக்கோல் முனைகளை வெட்டி ஒட்டு வைத்து, ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பட்டியல்களை மாற்றி, மறுபடி ஓடு மேய்வது. கேட்பதற்குப் பெரிய வேலையாக இருந்தாலும் மரத்தில் நாலில் மூன்று பங்கு நன்றாக இருக்கிற வீட்டுக்கு இதுதான் எல்லாவற்றிலும் சிக்கனம். முனை கெட்ட கழுக்கோலை முழுசாக மாற்றத் தேவையில்லை. கெட்ட பகுதியைச் சரிவாக வெட்டி அதே இனத்துப் பழைய மரத்தை ஒட்டாக வைத்து முளை அடித்தால் போதும். அதே இனம், அதே பழமை என்பது முக்கியம். பழைய அயனியோடு ஈரம் காயாத புது மரத்தைச் சேர்த்தால் ஒரே வருடத்தில் புதுசு சுருங்கி, ஒட்டு வாயைப் பிளக்கும். இடித்த வீட்டு மரம் விற்கிற இடங்களில் தேடினால் கிடைக்கும்.

மருந்து விஷயம் சுருக்கமாக: உள்பக்கம், மழை படாத மரத்துக்கு போரிக் அமிலமும் போராக்ஸும் கரைத்த நீர் நல்லது, விலையும் குறைவு, ஆனால் மழை பட்டால் கரைந்து போய்விடும். வெளிப்பக்கத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். கையில் பட்டால் பொத்துவிடும், கையுறை இல்லாமல் யாரையும் பூசச் சொல்லாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. ஒன்று ஓடு. பிரிக்கும்போது உடைவது உடையும், பழைய ஓட்டின் அச்சும் புது ஓட்டின் அச்சும் ஒன்றோடொன்று பொருந்தாது. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதற்குப் பிறகு எத்தனையோ கம்பெனிகள் எத்தனையோ அச்சில் ஓடு போட்டிருக்கின்றன. ஒரு சரிவு முழுக்கப் பழைய ஓடு, மறு சரிவு முழுக்கப் புது ஓடு என்று பிரித்துப் போட்டுவிட்டால் தொல்லை இல்லை. இரண்டாவது வயரிங். பலகைத் தட்டுக்கு மேலே எலி கடித்த பழைய ஒயர் ஓடுகிற வீட்டில் கூரையை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அது தீப்பெட்டிதான். முழுக்கக் கழற்றிப் புதிதாகக் குழாயில் இழுத்து, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சும் வைத்துவிடுங்கள். மூன்றாவது குளியலறை. இந்தக் காலத்தில் அது இல்லாமல் யாரும் தங்க மாட்டார்கள், ஆனால் அதைப் பலகை அறைகளுக்கு நடுவே கொண்டுபோய் வைப்பது மரத்துக்கு நாள் குறிப்பது. பின்பக்கம் தனியாகக் கட்டி ஒரு சின்ன நடையால் இணைத்துவிடுங்கள்.

வருடச் செலவும் உண்டு. சித்திரை வைகாசியில் ஒருவர் ஏறி நகர்ந்த ஓட்டை நேராக்கி, முகட்டில் பெயர்ந்த பூச்சை அடைத்து, சரிவு சேரும் மூலையில் தேங்கிய ரப்பர் இலையை வாரிப்போட வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமும் பெய்கிற மாவட்டம் இது. ஒரு வருடம் விட்டால் தெரியாது, மூன்று வருடம் விட்டால் மறுபடி ஒட்டு வைக்க வேண்டியிருக்கும்.

யாருக்குச் சரி: குடும்பத்தில் ஒருவராவது அங்கே இருக்கிறவர்கள் அல்லது ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்ச்சேரக் கூடியவர்கள்.

## வழி 2: பாதி பழசு, பாதி புதுசு

தூணையும் திண்ணையையும் முன்பக்கத்தையும் அழகுக்காக வைத்துக்கொண்டு, கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் தளமோ இரும்புக் குழாய்ச் சட்டத்தில் ஷீட்டோ போடுவது. சமரசம் மாதிரி தோன்றுவதால் குடும்பக் கூட்டங்களில் கடைசியில் ஜெயிப்பது இதுதான். எனக்கு இந்த வழி மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை, காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

10 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் தளம் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 250 கிலோ எடை. ஓடு, பட்டியல், கழுக்கோல் எல்லாம் சேர்த்தாலும் அதில் பாதி வராது. மண்சாந்தில் எழுப்பிய வெட்டுக்கல் சுவர் அந்தப் பழைய எடையை நம்பி நின்றது. கூரை மரத்தின் கோப்பு சுவர்களை நாலு பக்கமும் சேர்த்துப் பிடித்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு இரட்டிப்புக்கு மேல் எடையைத் தலையில் வைத்தால், சுவருக்குள்ளே தனியாகக் கான்கிரீட் தூண்கள் எழுப்பாமல் முடியாது. அப்படி எழுப்பினால் அது புது வீடு கட்டுகிற செலவு, பழைய வீட்டின் நெருக்கடிக்குள்ளே.

கூடவே சிமென்ட் பூச்சு வந்துவிடும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்ட் விடாது, தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவருக்குள்ளேயே நின்று, சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனையில்தான் போய்ச் சேரும். மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பிடிக்காது என்பது பொதுவான கணக்கு. சிமென்ட் மூடிய சுவருக்குள் அந்த அளவு தாண்டுவது சுலபம், அது கண்ணுக்கும் தெரியாது. வெளியே பளிச்சென்று பெயின்ட், உள்ளே உத்திரத்தின் முனை ஊறிய ரஸ்க் மாதிரி. பழைய வீட்டில் எதையுமே செய்யாவிட்டாலும் பரவாயில்லை, சிமென்ட் பூசாதீர்கள்.

ஷீட்டாவது எடை குறைவு, அவசரத்துக்கு உதவும். ஆனால் அந்த லேசுதான் காற்றில் ஆபத்து. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயலைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சுவரோடும் சட்டத்தோடும் நன்றாக இறுக்கிப் பிடிக்காத ஷீட்டைக் காற்று அடியிலிருந்து தூக்கும். மதியம் சூடு, மழையில் இரைச்சல், பேசினால் கேட்காது.

சரி, இந்த வழி எப்போது நியாயம்? கூரை மரம் முழுக்கப் போய், கீழே பலகைச் சுவரும் தூண்களும் மட்டும் நன்றாக இருக்கும்போது. அப்போதும் இரும்புச் சட்டம் போட்டு அதன் மேல் ஓடுதான் மேயச் சொல்வேன். பழைய சரிவையும் தாழ்ந்து இறங்கும் விளிம்பையும் மாற்றாமல் செய்தால், கீழே இருக்கிற மரத்துக்கு மழை படாது. நாளைக்கு யாராவது மறுபடி மரக்கூரை போட நினைத்தாலும் போடலாம்.

## வழி 3: கழற்றி வேறிடத்தில் கட்டுவது

கோத்துக் கட்டிய வீட்டைக் கழற்றவும் முடியும், அதுதான் மரவீட்டின் தனிச் சௌகரியம். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் கேரளத்திலிருந்தும் செட்டிநாட்டிலிருந்தும் கொண்டுவந்து மறுபடி நிறுத்திய வீடுகளைப் போய்ப் பாருங்கள். கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு நம்ம ஊர் மரவேலைக்கு ரொம்ப நெருக்கம். கேரளத்தில் காயலோர விடுதிகள் சிலவும் இப்படிப் பெயர்த்துக் கொண்டுபோன பழைய வீடுகளால் ஆனவைதான்.

ஆனால் பெயர்வது மரம் மட்டும்தான் என்பதை மனதில் வைக்க வேண்டும். தரை வராது, சுவர் வராது, பூச்சு வராது, ஓட்டில் ஒரு பங்கு வராது. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துத் தேய்த்த அந்தக் கறுப்புத் தரையைத்தான் எல்லோரும் ஆசையாகச் சொல்வார்கள், அது அங்கேயே உடையும். அடித்தளம், சுவர், கூரைக்குப் புது ஓடு, தண்ணீர், மின்சாரம் என்று புது இடத்தில் ஒரு முழு வீட்டுச் செலவு இருக்கிறது. அதற்கு மேலேதான் கழற்றுகிற கூலியும் லாரியும்.

செய்வதென்றால் ஒழுங்காகச் செய்யுங்கள். சாக்பீஸில் எண் போட்டால் முதல் மழையில் போய்விடும். அலுமினியத் துண்டில் எண் பொறித்து, ஒவ்வொரு மரத்திலும் வெளியே தெரியாத பக்கம் அடிக்க வேண்டும். பழைய ஆசாரிகள் தாங்களே உளியால் கீறிய அடையாளங்கள் பொருத்துவாயில் இருக்கும், அதையும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் கழற்றி, தரையில் படாமல் கட்டை வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவே காற்று போக இடம்விட்டு, நிழலில் அடுக்க வேண்டும். ‘அடுத்த வருஷம் கட்டிக்கலாம்’ என்று தார்ப்பாயால் மூடிப்போட்ட குவியல் அந்த அடுத்த வருடம் பெரும்பாலும் விறகாகத்தான் இருக்கும். ஆகவே புது இடத்தில் அடித்தளம் முடிவதற்கு முன் இங்கே ஓட்டில் கை வைக்காதீர்கள்.

ஊர் விட்டு ஊர் மரம் ஏற்றுவதற்கு 1968-ம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. உங்கள் மரத்துக்கு, அதிலும் தேக்கு, ஈட்டி இருந்தால், என்ன அனுமதி வேண்டும் என்று வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்கிவிடுங்கள். களியக்காவிளை தாண்டுவதாக இருந்தால் கேரளத்துப் பக்கத்து விதியும் சேர்ந்துகொள்ளும். லாரியை நிறுத்திவைத்து விளக்கம் சொல்கிற நிலைமை வேண்டாம்.

யாருக்குச் சரி: நிலம் சாலைக்குப் போகிறவர்கள், நிலம் வேறு பங்காளிக்கும் வீடு தனக்குமாகப் பிரிந்தவர்கள், வேறிடத்தில் எப்படியும் வீடு கட்டப்போகிறவர்கள். மற்றவர்களுக்கு இது ஆசைக்குச் செய்கிற செலவு. அதைத் தெரிந்துகொண்டே செய்தால் தப்பில்லை.

## வழி 4: மரத்தை விற்றுவிட்டுப் புது வீடு

இதைச் சொன்னால் துரோகம் போலப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆளில்லாத வீட்டை உளுக்கவிடுவதைவிட, அதன் உத்திரம் வேறொரு வீட்டுக்கு ஒட்டாகப் போய்ச் சேருவது எவ்வளவோ மேல். விற்கிற விதத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

வாங்குகிறவர் மொத்தமாக ஒரு தொகை சொல்வார். அதற்குப் பதில் பேசும் முன் நீங்களே கன அடி எடுத்துவிடுங்கள். அகலம் அங்குலத்தில், கனம் அங்குலத்தில், நீளம் அடியில். மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 8க்கு 6 அங்குலத்தில் 15 அடி நீள உத்திரம் 5 கன அடி. 5க்கு 3 அங்குலத்தில் 12 அடிக் கழுக்கோல் ஒன்றேகால் கன அடி, அப்படி 60 இருந்தால் 75 கன அடி. தேக்கு தனி, அயனி தனி, பலா தனி என்று பட்டியல் போட்டு இரண்டு மூன்று பேரிடம் கேட்டால் முதலில் சொன்ன மொத்தத் தொகை எந்த லட்சணத்தில் இருந்தது என்று தெரிந்துவிடும். வெள்ளைக்கும் வெடிப்புக்கும் துளைக்கும் அவர்கள் கழிப்பார்கள், அது நியாயம்தான். ஆனால் பத்தாயம், வாசல் நிலை, பூட்டோடு கூடிய அறைக்கதவு, செதுக்கிய தூண் இவற்றைக் கன அடிக் கணக்கில் சேர்க்கவே கூடாது. வாங்குகிறவரின் கண் முதலில் அதன் மேல்தான் இருந்திருக்கும், வாய் மட்டும் கழுக்கோலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று: செதுக்கிய கதவையோ தூணையோ அங்கே கொண்டுபோய் வைக்கலாம் என்ற எண்ணம் வரும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருட்களைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972-ம் ஆண்டுச் சட்டம் விடாது. உங்கள் கதவு அதில் வருமா வராதா என்று தொல்லியல் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பெட்டி கட்டுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது: மரம் போன பிறகு மிஞ்சும் கல், மண், உடைந்த ஓடு. அதை அப்புறப்படுத்துவது யார் செலவு என்று முதலிலேயே எழுதிவைக்காவிட்டால் உங்கள் தலையில்தான் விழும்.

## யாரும் தேர்ந்தெடுக்காத வழி

பூட்டிப் போடுவது. இதைத் தேர்ந்தெடுத்தேன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் நடப்பது பெரும்பாலும் இதுதான். மற்ற நாலையும்விட இதற்குத்தான் செலவு அதிகம். பில் மட்டும் தாமதமாக வரும். ஆள் இருந்த வீட்டில் தினமும் அடுப்பு எரிந்தது. அந்தப் புகை மச்சு வழியாக ஏறி ஓட்டிடுக்கில் வெளியேறும்போது மரத்தைக் காயவைத்து வண்டையும் விரட்டியது. ஜன்னல் திறந்து மூடியது, ஓடு நகர்ந்தால் அன்றைக்கே தெரிந்தது. பூட்டிய வீட்டில் இந்த மூன்றும் ஒரே நாளில் நின்றுபோகிறது. பூனை ஓடி நகர்ந்த ஒரு ஓடு போதும், அதன் கீழே இருக்கும் தட்டு, அதன் கீழே இருக்கும் உத்திரம் என்று வரிசையாக நனையும்.

## ஒரே பார்வையில்

| வழி | மரம் எப்படி இருக்க வேண்டும் | மறைந்திருக்கும் செலவு | பிறகு மனம் மாறினால் |
|---|---|---|---|
| அப்படியே பழுது பார்ப்பது | நாலில் மூன்று பங்கு நல்லது | பொருந்தாத ஓடு, வயரிங், வருடாவருடம் ஆள் | எதற்கும் மாறலாம் |
| கான்கிரீட் தளம் | கூரை மரம் வீணாகும் | புதுத் தூண், சிமென்டால் அழுகும் உத்திரம் | முடியாது |
| இரும்புச் சட்டமும் ஓடும் | கீழ்ப்பகுதி நல்லது | துரு, வெல்டிங் தரம் | மரக்கூரைக்குத் திரும்பலாம் |
| கழற்றி வேறிடத்தில் | பொருத்துவாய்கள் நல்லது | புது வீட்டுக்கு உண்டான முழுச் செலவு | கஷ்டம் |
| விற்பது | வைரம் உள்ளது | இடிபாடு அகற்றல், குறைத்துக் கேட்ட விலை | முடியாது |
| பூட்டிப் போடுவது | எப்படி இருந்தாலும் கெடும் | எல்லாமே | வருடம் போகப்போக முடியாது |

‘பிறகு மனம் மாறினால்’ என்ற கடைசிக் கட்டத்தை நான் கொஞ்சம் அதிகமாகவே மதிப்பேன். சம்மதம் பாதி, பணம் பாதி என்று இருக்கிற குடும்பங்கள் திரும்பி வர முடிகிற வழியை எடுப்பதே நல்லது.

ஹோம்ஸ்டே, சினிமா ஷூட்டிங் என்று வருமானக் கனவோடு பழுது பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது தொழில். சாவி கொடுக்க, சாப்பாடு போட, துணி துவைக்க ஊரில் ஆள் வேண்டும். அந்த ஆள் இருந்தால் வீடு ஏற்கெனவே பாதி பிழைத்த மாதிரிதான், இல்லாவிட்டால் வாடகைக் கணக்கை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

பங்காளிகள் ஒத்தே வரவில்லை என்றால்? அதற்கும் ஒரு குறைந்தபட்ச ஏற்பாடு உண்டு. முகட்டு ஓடும் சரிவு சேரும் மூலைகளும் மட்டும் சரிசெய்யுங்கள். ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் போட்டால் அடியில் காற்று போக இடம்விட்டுக் கட்டுங்கள். சுவரை ஒட்டி வளர்ந்த செடியையும் கூரைக்கு மேல் சாய்ந்த பலாக்கொம்பையும் வெட்டிவிடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, வாரத்துக்கு ஒருநாள் ஜன்னலைத் திறந்து காலையில் விறகடுப்பை மூட்டச் சொல்லி, அதற்கு மாதம் ஒரு தொகை பேசிவிடுங்கள். அந்தத் தொகையைப் பங்குதாரர்கள் சமமாகப் போட வேண்டும் என்பதை மட்டும் முதல் பேச்சிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைப் பற்றி ஒத்துப்போகாதவர்கள்கூட மாதம் சில நூறு ரூபாய்க்கு மறுப்புச் சொல்வது அரிது, அடுத்த ஓணமோ கிறிஸ்துமஸோ எல்லோரும் கூடும்வரை கூரை தாங்கிக்கொள்ளும்.